தரைக்கு அடியில் ஒரு லீக்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. பேரன் பேசுவதையெல்லாம் போனில் பதிந்து வை. இந்த மழலை அதிக நாள் இருக்காது, பிறகு பிடிக்க முடியாது.

"தரைக்கு அடியில் குழாயில் வந்த ஒரு ஓட்டைக்காகவா புது லைன் போட்டாய்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். இவரும் முதலில் அதையேதான் கேட்டார். உன் வீடும் என் வீட்டைப் போலத்தான், கீழே முழுக்கக் கான்கிரீட், அதற்கும் அடியில் செம்புக் குழாய். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்களுக்கு முதலில் தெரிந்தது ஈரம் இல்லை, சூடு. ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் ஒரு டைல் மட்டும் வெறுங்காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் எட்டிப்பார்க்காத இடம் அது. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, ஃபிளஷ் டேங்க் நிரம்பும்வரை பொறுத்திருந்து, வெளியே போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்தேன். அதன் முகப்பில் சின்னதாக ஒரு முக்கோணச் சக்கரம் இருக்கும், நீ கவனித்திருப்பாயோ என்னவோ. மெல்லிய கசிவு இருந்தாலே அது சுற்றும். ஒரு குழாயும் திறக்காத வீட்டில் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் குழாய் நுழையும் இடத்தில் உள்ள மெயின் வால்வை மூடினேன், சக்கரம் நின்றது. அப்படியானால் மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவில் குறை இல்லை, லீக் உள்ளேதான். மெயினைத் திறந்துவிட்டு, ஹீட்டருக்குப் போகும் வால்வை மட்டும் மூடினேன். மறுபடியும் நின்றது. சுடுதண்ணீர் லைன்தான் என்று பிளம்பர் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஓட்டை ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தாலே, வழக்கமான 4 பார் அழுத்தத்தில் ஒரு நாளைக்கு 2,000 லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போய்விடும். இது நானே உட்கார்ந்து போட்ட கணக்கு. இவர் நம்பாமல் இரண்டு தடவை சரிபார்த்தார்.

முதலில் வந்தவர் சூடான டைலைக் காட்டி, "இங்கேயே உடைச்சிடலாம்மா" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கான்கிரீட்டுக்கு அடியில் தண்ணீர் தனக்கு வசதியான பக்கமாக ஓடும். சூடு தெரிகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கவேண்டும் என்பதில்லை. இடம் எது என்று உறுதியாகத் தெரியாமல் உன் வீட்டில் யாரையும் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் மெஷினைக் கையில் எடுக்க விடாதே.

அடுத்து வந்தவர் தரையில் வைத்துக் கேட்கும் மைக் ஒன்றும் ஹெட்போனும் கொண்டுவந்தார். ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு ஒவ்வொரு டைலாக வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். எனக்கும் ஒரு தடவை மாட்டிவிட்டார். "ஸ்ஸ்" என்று ஒரே சீராக ஒரு இரைச்சல். கொஞ்சம் நகர்த்தினால் மங்கியது. சந்தேகம் தீர, அந்தக் குழாயைக் காலி செய்து ஒரு வாயுவை ஏற்றினார். 5 சதவீதம் ஹைட்ரஜன், மீதி நைட்ரஜன். அந்த அளவில் தீப்பிடிக்காதாம். ஹைட்ரஜன் மிக நுண்ணியது என்பதால் கான்கிரீட்டையும் டைல் இடுக்கையும் தாண்டி மேலே வந்துவிடும், கருவி மோப்பம் பிடித்துச் சொல்லும். வெதுவெதுப்பான டைலிலிருந்து நன்றாக ஒரு கை தள்ளித்தான் கருவி கத்தியது.

சரி, இடம் தெரிந்துவிட்டதே, உடைத்து ஒட்டியிருக்கலாமே என்பாய். அங்கேதான் எனக்கு இடித்தது. செம்பு சூட்டில் நீளும். 10 மீட்டர் குழாய் 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர். ஒவ்வொரு முறை சுடுதண்ணீர் திறக்கும்போதும் நீண்டு, ஆறியதும் சுருங்கி, உறை போடாத இடத்தில் ஜல்லியிலும் கான்கிரீட்டிலும் உரசிக்கொண்டே இருக்கும். தண்ணீரின் அமிலத்தன்மையால் உள்பக்கம் புள்ளிப் புள்ளியாக அரிப்பதும் உண்டு. எங்கள் குழாயில் இதில் எது நடந்தது என்று நான் பார்க்கவில்லை, தோண்டவே இல்லையே. ஆனால் எதுவாக இருந்தாலும் அது அந்த ஒரு அங்குலத்துக்கு மட்டும் நடந்திருக்காது. மொத்தக் குழாயும் அதே தண்ணீரைக் குடித்து, அதே உரசலைப் பட்டதுதான். இன்று இங்கே, நாளை படுக்கையறைக்கு அடியில்.

உடைப்பது சின்ன வேலையும் இல்லை. கம்பியை வெட்டி, மண்ணைத் தோண்டி, குழாயை இணைத்து, மண்ணை நன்றாக இடித்து இறுக்கி, ஈரம் ஏறாமல் இருக்கப் போட்ட ஷீட்டை ஒட்டி, கம்பி கட்டி, மறுபடி கான்கிரீட் போட வேண்டும். அது முழு வலுவை எட்ட 28 நாள் என்பது கணக்கு. ஈரம் வற்றுவதற்கு அதற்கு மேலும் ஆகும், அவசரப்பட்டு டைல் ஒட்டினால் பெயர்ந்து வரும். அதே நிறத்தில் டைல் கிடைத்தால் உன் அதிர்ஷ்டம்.

அதனால் பழைய சுடுதண்ணீர் லைனை இரண்டு முனையிலும் அடைத்துவிட்டு, சுவர் வழியாக மேலே ஏற்றி, சீலிங்கில் சிபிவிசி குழாயாக, அதாவது சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாயாக, ஓட்டிவிட்டோம். பூச்சு வேலைத் தூசிதான் பெரிய தொல்லை. குளியலறைக்குச் சுடுதண்ணீர் வர முன்பைவிடச் சற்று நேரம் பிடிக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் சீலிங்கில் லீக் வந்தால் கறை விழுந்து காட்டிக்கொடுக்கும், ஏணி போட்டு ஏறிச் சரிசெய்துவிடலாம். வாரக்கணக்கில் அஸ்திவாரத்து மண்ணை அரித்துக்கொண்டிருக்காது. வீடு புதிதாக இருந்து, ஒரு இணைப்பு மட்டும் சரியாகப் பற்றவைக்கப்படாமல் ஒழுகினால் நானும் உடைத்துத்தான் ஒட்டியிருப்பேன். பழைய லைனுக்கு அந்தச் செலவு வீண் என்பதுதான் என் கட்சி.

தரைக்குள் இழுவிசைக் கேபிள் போட்ட கான்கிரீட்டா என்று உன் வீட்டு வரைபடத்தில் பார்த்துக்கொள். ஆம் என்றால் ஸ்கேன் செய்யாமல் துளைகூடப் போடக்கூடாது. டன் கணக்கில் இழுத்துக் கட்டிய கேபிள், அறுந்தால் ஆளையே அடித்துவிடும். தண்ணீர் அழுத்தத்தையும் அளக்கச் சொல். 5.5 பாருக்கு மேல் இருந்தால் அழுத்தம் குறைக்கும் வால்வு போட்டுவிடுவது நல்லது.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தை எடுத்து நிதானமாகப் படி. திடீரென்று உடைந்து நேர்ந்த சேதத்துக்குத் தருவார்கள், ஓட்டைக் குழாய்க்குத் தராமல் போகலாம், நாள்பட்ட கசிவு என்றால் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் போட்டோ எடுத்துவிடு.

உன் பாத்ரூம் மூலையில் ஈரம் கசிகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கும் முதலில் மீட்டரைப் பார். சக்கரம் அசையாமல் நின்றால் அது கழிவுநீர்க் குழாயாக இருக்கலாம், அது வேறு கதை. தண்ணீர் ஊற்றும்போது மட்டும்தான் ஒழுகும், மீட்டருக்குத் தெரியாது. குழாயின் கடைசி முனையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். கேமரா விட்டும் பார்ப்பார்கள். பல நேரம் அது ஷவர் பக்கத்து டைல் இடுக்கில் சிமென்ட் போனதாகவே முடிந்துவிடும், இப்போதே பயப்படாதே.

ராத்திரி எல்லோரும் படுத்தபின் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து வை, காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி பார். இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்பு. அந்த மைக் வைத்துக் கேட்டவரின் நம்பர் என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
மீனா