ஆத்தங்குடிக்கு முதலில் தண்ணீரும் சாலையும் பஸ்ஸும்

சிவகங்கை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை நடத்துகிறவன் எழுதுகிறேன். செட்டிநாட்டின் வளர்ச்சிக்குப் பணம் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தாலே அலங்கார வளைவு, வண்ண விளக்கு, சுற்றுலாப் பலகை என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். இந்த மண்ணில் ஏற்கெனவே ஆட்களுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கும் தொழில்கள் எதற்காகத் தவிக்கின்றனவோ, அரசுப் பணத்தில் முதல் பங்கு அதற்குப் போகட்டும் என்பதே என் கோரிக்கை.

எங்கள் தொழிலில் சூளை கிடையாது. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சிமெண்டும் சாயமும் கலந்த கூழைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுவோம். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டுக் கரணையால் மட்டம் செய்வோம். பிறகு அந்தக் கல், தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊற வேண்டும். காய்ந்தபின் கண்ணாடியைப் பிரித்தால் அந்தப் பளபளப்பு தானாகவே இருக்கும். ஆகவே எங்களுக்கு மின்சாரத்தைவிடத் தண்ணீர்தான் உயிர். கோடையில் ஆழ்துளைக் கிணறு கைவிட்டால் தொட்டி காய்கிறது. கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்.

இந்த ஊர்களைக் கட்டிய நகரத்தார், கூரையில் விழும் மழைநீரையும் வீணாக்காமல் ஊருணிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அன்று அது அவர்கள் கைப்பணம். இன்று அந்த வரத்துக்கால்களைத் தூர்வாரி, ஆக்கிரமிப்பை அகற்றி, ஊருணிகளில் நீர் நிற்கச் செய்வது அரசின் வேலை. ஊருணி நிறைந்தால் கிணறு ஊறும்; கிணறு ஊறினால் பட்டறை ஓடும். அதே நேரம் எங்கள் தொட்டிகளிலிருந்து வெளியேறும் சிமெண்டுத் தண்ணீர் அந்த ஊருணியில் கலக்கவே கூடாது. கழிவைத் தெளியவைக்கும் பொதுத் தொட்டியும் வடிகாலும் கட்டித்தாருங்கள். தனித்தனியாக அதைக் கட்டச் சிறிய பட்டறைகளுக்குச் சக்தி இல்லை.

சாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு கல் சேர்ந்தால்தான் ஒரு முழுப் பூ. வைக்கோல் வைத்துக் கட்டி அனுப்பினாலும், ஒரு பள்ளத்தில் வண்டி குதித்து ஒரு முனை பெயர்ந்தால் அந்தப் பூவே கெட்டது. வாங்குகிறவர் திருப்பி அனுப்புவார், நியாயம்தான்.

பஸ் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இல் வந்தது. அருமையான திட்டம். ஆனால் வேலை முடியும் நேரத்தில் பஸ் இருந்தால்தானே அதில் ஏற முடியும்? கைத்திறன் உள்ள பெண்கள், இருட்டிய பிறகு வீடு போய்ச் சேர வழியில்லாமல் வேலையை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மாலையில் ஒரு நடை கூடுதலாக விட்டால் எத்தனை குடும்பங்களில் இரண்டாவது சம்பளம் நிற்கும்!

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். நெசவாளிக்குச் சாயம் தோய்க்கப் பொதுக்கூடமும் நூல் இருப்பு வைக்க ஈரம் இறங்காத இடமும் தந்தால் அந்தப் பெருமை சோறு போடும்.

பெரிய நிறுவனங்களை அழைப்பதற்கு நான் எதிரி அல்லன். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது. தனி மனிதர் ஒருவர் பொதுவுக்குக் கொடுத்தார். இன்று பொதுப்பணத்தைத் தனியார் ஆலைக்குச் செலவிடும்போது நாமும் கணக்குக் கேட்க வேண்டும். உள்ளூர் ஆட்கள் எத்தனை பேருக்கு வேலை, வருங்கால வைப்பு நிதி உண்டா, எத்தனை ஆண்டு இங்கே இருப்பார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். போடுகிற சாலையும் குழாயும் ஊருக்கும் பயன்பட வேண்டும். ஒரே மதிலுக்குள் போய் முடிகிற குழாய்க்கு ஊர்ப்பணம் எதற்கு? ஆலை மூடிப் போனால் ஊருக்கு மிஞ்சுவது என்ன?

குறு, சிறு தொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்கவும், அடிப்படை வசதி செய்யவும் மத்திய அரசின் திட்டமே இருக்கிறது. அதில் எங்கள் பங்கைக் கட்ட நான் தயார். மற்றப் பட்டறைக்காரர்களிடமும் நானே பேசுகிறேன். செலவுக் கணக்கு கிராம சபையில் வாசிக்கப்படட்டும். அதற்கு முன்பாகப் பட்டறைக்காரர்களையும் கூலிக்கு வேலை செய்கிறவர்களையும், முக்கியமாகப் பெண்களையும், ஒரே இடத்தில் உட்காரவைத்து எந்தச் சாலை, எந்த வரத்துக்கால், எத்தனை மணிக்கு பஸ் என்று தாங்களே கேட்டுக் குறித்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆத்தங்குடிப் பட்டறைக்காரன்