இறங்காத பயணிக்குத்தான் சோதனை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சொகுசுக் கப்பல் பயணங்கள் பற்றி உங்கள் கோடைச் சிறப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோவையில் விமானம் ஏறி, சிங்கப்பூர் போய்க் கப்பல் பிடிப்பது இப்போது திருப்பூர், ஈரோடு பக்கம் பலருக்குப் பழகிவிட்டது. முதல் பயணம் முடிந்ததும் வீடு திரும்பாமல், அதே கப்பலில் அடுத்த பயணத்தையும் தொடரலாம் என்று கட்டுரை யோசனை சொல்கிறது. விமானச் செலவு ஒன்றோடு போகும், நல்ல யோசனைதான். ஆனால் அப்படித் தொடர்ந்தவர்களுக்குக் கொரோனா காலத்தில் இரண்டு பயணங்களுக்கும் நடுவே சோதனை செய்ததை 'தேவையற்ற தொல்லை' என்று ஒரே வரியில் தள்ளியிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அது சரியாகப் படவில்லை.

"ஏனுங்க, நாங்கதான் கப்பலை விட்டே போகலையே, எங்களுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?" எங்கள் ஊர் சுற்றுலாக் குழுவிலும் இதையேதான் கேட்கிறார்கள். போகாமல் இருப்பதால்தான் டெஸ்ட்டு.

2020 பிப்ரவரி 11 அன்று 'கிராண்ட் பிரின்சஸ்' என்ற கப்பல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மெக்சிகோவுக்குக் கிளம்பி, 21ஆம் தேதி திரும்பியது. அன்றைக்கே ஹவாய்க்கு அடுத்த பயணம். பெரும்பாலான பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறினார்கள். 68 பேர் மட்டும் இறங்காமல் தொடர்ந்தார்கள், பணியாளர்களிலும் பெரும்பாலோர் அப்படியே இருந்தார்கள். முதல் பயணத்தில் போய் வந்த ஒருவர் மார்ச் 4 அன்று கலிபோர்னியாவில் கொரோனாவால் இறந்தார். அப்போது கப்பல் நடுக்கடலில். மறுநாள் ஹெலிகாப்டரில் மருத்துவக் குழுவை இறக்கி, நோய் அறிகுறி இருந்த 45 பேரைச் சோதித்தார்கள். 21 பேருக்குத் தொற்று. அதில் பயணிகள் 2 பேர்தான், மீதி 19 பேரும் பணியாளர்கள்.

பல்லடத்துக் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரு பேட்ச் போனதும் ஷெட்டைக் காலி செய்து, தரையில் பரப்பியிருந்த பழைய தேங்காய் மஞ்சியை அள்ளி, மருந்தடித்து, சில நாள் சும்மா போட்ட பிறகுதான் அடுத்த குஞ்சுகளை விடுவார்கள். பழைய பேட்ச் கோழி ஒன்றைக்கூட மிச்சம் வைக்க மாட்டார்கள். கப்பலிலோ காலையில் ஒரு கூட்டம் இறங்குகிறது, மதியத்துக்குள் அடுத்த கூட்டம் ஏறுகிறது. காலியாகக் கிடக்க நேரமே இல்லை. அப்புறம் தங்குகிறவரைச் சோதிக்காமல் வேறு என்ன செய்வது?

அந்த 19 பேரை மறுபடி பாருங்கள். பெரும்பாலான பயணிகள் அதிகம் போனால் இரண்டு மூன்று பயணங்கள்தான் தொடர்வார்கள். பாத்திரம் கழுவுகிறவரும் அறையைச் சுத்தம் செய்கிறவரும் மாதக் கணக்கில் தொடர்ந்து அதே கப்பலில் இருக்கிறார்கள், ஒரே அறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பயணிக்கு மட்டும் சோதனை வைத்துவிட்டு அவர்களை விட்டுவிடுகிற விதி ஏதாவது இருந்தால் அது வெறும் சடங்கு.

சோதனையிலும் தவறு வரும் என்பது உண்மை. 2020 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து எங்கும் இறங்காமல் சுற்றி வந்த 'குவாண்டம் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 83 வயதுப் பயணிக்குத் தொற்று என்று முடிவு வந்தது. எல்லாரையும் அறைக்குள் இருக்கச் சொல்லி, கப்பல் ஒரு நாள் முன்னதாகவே திரும்பியது. கரையில் மறுபடி சோதித்தால் தொற்றே இல்லை! அதனால் முதல் பயணம் முடிவதற்கு முந்தைய நாளே சோதிக்க வேண்டும் என்பேன். பாசிட்டிவ் வந்தால் இன்னொரு முறை பார்க்க அவகாசம் இருக்கும். செலவும் நிறுவனத்துடையதாக இருக்கட்டும்.

இன்று பெரும்பாலான நிறுவனங்கள் கொரோனா சோதனை கேட்பதில்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமும் கப்பல்களுக்கான கொரோனாத் திட்டத்தை 2022 ஜூலையில் முடித்துக்கொண்டது. எல்லாருக்கும் எப்போதும் சோதனை என்று நானும் கேட்கவில்லை. முதல் பயணத்தில் ஏதாவது பரவியது தெரிந்தால், தொடர்கிறவர்களையும் பணியாளர்களையும் பார்க்காமல் கப்பலை நகர்த்தக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது கப்பல்களை அதிகம் படுத்துவது நோரோ வைரஸ். வாந்தி, வயிற்றுப்போக்கு. சானிட்டைசருக்கு இது சரியாக அடங்காது, சோப்புப் போட்டுத்தான் கை கழுவ வேண்டும். ஏறும்போது இதற்குச் சோதனை கிடையாது, 'வயிற்றுக் கோளாறு உண்டா' என்று ஒரு படிவம் கேட்கும். உண்டு என்று எழுதினால் ஏற்ற மாட்டார்களோ, கட்டிய பணம் போய்விடுமோ என்று பயந்து நம் ஆள் 'இல்லை' என்றுதான் எழுதுவார். கொரோனா சமயத்தில் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலைக் குறைத்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்றவர்கள்தானே நாம்! உண்மையைச் சொல்கிறவருக்கு இரண்டாவது பயணத்தின் பணம் முழுதாகத் திரும்பும் என்றிருந்தால் பாதிப் பேராவது மறைக்க மாட்டார்கள்.

பயண ஏஜென்ட்டுகள் பஃபே, நீச்சல் குளம், மேஜிக் ஷோ எல்லாம் சொல்கிறார்கள். நடுவில் நோய் என்று இறக்கிவிட்டால் ஓட்டல் செலவு யாருடையது, காப்பீடு இரண்டு பயணத்துக்கும் சேர்த்துச் செல்லுமா, இறக்கிவிடும் நாட்டில் தங்க நம்மிடம் விசா இருக்குமா என்று கேட்டால் 'அதெல்லாம் வராதுங்க' என்பதோடு சரி. அடுத்த சுற்றுலாச் சிறப்பிதழில் கட்டணப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இந்த மூன்றுக்கும் நிறுவனங்களிடம் பதில் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.