வெறும் போர்வை

அன்புள்ள சேது,

நாலு மாதம் பதில் போடாததற்குத் திட்டுவதென்றால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. வீட்டில் எல்லோரும் நலம்.

போன தடவை நீ இடது தோளில் தட்டியதும் உன்மேல் எரிந்து விழுந்தேனே, அது கோபமில்லை. வலி. பக்கவாதம் வந்த கையும் காலும் தேறின பிறகு அந்தப் பக்கம் முழுக்க எரிச்சல். போர்வை உரசினால் சுடுமணலை வாரித் தேய்த்த மாதிரி இருக்கும். ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லையாம். "மனசை லேசா வச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஒரு வலி மருத்துவர்தான் விளக்கினார். கோளாறு தோலில் இல்லை, மூளையில் தாலமஸில், தொடு உணர்வுச் சேதிகள் வந்து சேருகிற இடத்தில். அங்கே அடிபட்டால் வருடுவதுகூட வலியாகத் தெரியலாம். டெஜெரின், ரூசி என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் இதை 1906லேயே எழுதிவைத்துவிட்டார்களாம். நானோ மனசை லேசாக்கிக்கொண்டிருந்தேன்!

மாத்திரைகள் தூக்கத்தைத்தான் தந்தன. அப்புறம் லிடோகைன். சிரிக்காதே, பல் பிடுங்க ஈறில் போடுகிற அதே மருந்துதான். கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில், அரை மணி நேரம் டிரிப்ஸில் ஏற்றினார்கள். அளவு மீறினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம் என்பதால் மார்பெல்லாம் ஈசிஜி ஒயர். பாதியில் உதடு மரத்தது, வாயில் இரும்பை நக்கிய சுவை, காதில் ரீங்காரம். சொன்னதும் நர்ஸ் வேகத்தைக் குறைத்தார்.

பிறகு என் இடது காலில் போர்வையை இழுத்துவிட்டார். வெறும் போர்வை, சேது. துணி. அழுதுவிட்டேன்.

கால் மரக்கவும் இல்லை. துணி படுவது தெரிந்தது, எரியவில்லை. கண்டபடி துடிக்கிற நரம்புகளில் சோடியம் நுழைகிற வாசல்களைத்தான் இந்த அளவு மருந்து அதிகம் அடைக்குமாம். ஒழுங்கான சேதிக்குத் தடையில்லை.

சாயங்காலமே வலி திரும்பிவிட்டது. மருந்து ரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடுகிறது. மாத்திரையாகத் தரக் கூடாதா என்றேன். விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே தீர்த்துவிடுமாம். ஆக, இது குணமில்லை, தவணை. இந்த மருந்து எல்லோருக்கும் கேட்பதும் இல்லையாம். நம்ம தாடிக்காரனிடம் மட்டும் சொல்லிவிடாதே, மூலிகை எண்ணெயோடு வந்து நிற்பான்.

அடுத்த டிரிப்ஸ் வியாழக்கிழமை காலை. பதினொரு மணிக்கு மேல் வா. இரண்டு மணி நேரம் எந்தத் தோளில் வேண்டுமானாலும் தட்டலாம்.

உன்,
ராகவன்