டாக்டரிடம் மட்டும் மறைக்காதே, சாமி

பிரபு கண்ணு,

தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். மேக்காடு உழவு ஓட்டியாச்சு. செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. அப்பா நன்றாக நடக்கிறார். நடக்கிறார் என்று ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அதற்கு வருகிறேன்.

போனில் கேட்டால் 'அப்புறம் பேசறேன்ம்மா' என்று வைத்துவிடுகிறாய். கடுதாசியை நடுவில் கட் பண்ண முடியாதல்லவா, அதனால்தான் பார்சலோடு இதை வைக்கிறேன்.

புது ரூமைப் படமெடுத்து அனுப்பியிருந்தாயே, பாத்திரமெல்லாம் கவிழ்த்து, துணி மடித்து, எவ்வளவு நேர்த்தி. அகமதாபாத்தில் ஒற்றை ஆளாக இருந்துகொண்டு என் மகன் வீடு வைத்திருக்கிற அழகைப் பார் என்று அத்தையிடம் காட்டினேன். மேஜை மேல் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. அக்கா மகள் அதைப் பெரிசு பண்ணிக் காட்டினாள். டெல்மிசார்ட்டான், கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு. அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் படிக்க, நான் மாடத்தில் இருந்த அப்பாவின் பழைய அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே மருந்து. கம்பெனி மட்டும் வேறு.

வேலை செய்கிற இடத்தில் செக்கப் செய்தார்கள், பிபி கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஒன்றும் பெரிசில்லை என்று பங்குனியில் சொன்னாயே, அது இதுதான் போல. சரி. இந்த வயசில் பிபியா என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை. இதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம், மனசுக்கு என்று நீ போடுகிற ராத்திரி மாத்திரையை, அந்த லித்தியத்தைப் பற்றிச் சொன்னாயா?

சொல்லியிருக்க மாட்டாய். யாரிடமும் சொல்லாதே என்று அப்பா சொன்னது ஒரம்பரை சொந்தபந்தத்துக்கு, கண்ணு. டாக்டருக்கு அல்ல.

இப்போது அப்பா சமாச்சாரம். மாசியில் கட்டுத்தரையில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேறி வருவாய், தூக்கம் கெடும். உனக்குத் தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். கோபப்படு, பரவாயில்லை. பெருந்துறை சானடோரியத்தில்தான் வைத்திருந்தோம். இப்போது அது ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி. பஸ் ஓட்டிய உங்கப்பாவுக்கோ அது இன்னும் போக்குவரத்துக்காரர்கள் ஆஸ்பத்திரி, ஒரு உரிமை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதற்கப்புறம் ராத்திரியில் ஆரம்பித்தது கூத்து. 5.40 வண்டியை எடுக்கணும், சாவி எங்கே என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். நர்ஸம்மாவைக் கண்டக்டர் என்று நினைத்து, விசில் கொடுக்காமல் என்ன பராக்குப் பார்க்கிறாய் என்று திட்டுகிறார். பகலில் நம்மைப் போலப் பேசுவார். பொழுது சாய்ந்தால் மறுபடி சத்தியமங்கலம் டிப்போ, புளியம்பட்டி, அன்னூர். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது.

எலும்பு டாக்டர், மனநல டாக்டரை வார்டுக்கே வரச் சொன்னார். உனக்கு மனசு கெட்ட அந்த மூன்றாம் வருஷம் என் கண் முன்னால் வந்துவிட்டது. அப்பாவுக்குமா என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தது ஒரு சின்னப் பெண், செல்வி வயசுதான் இருக்கும். மனசு எப்படி, துக்கம் உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை. வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை அத்தனையும் பையோடு கொண்டு வாருங்கள் என்றார். அப்புறம் ரத்தம் எடுக்கச் சொன்னார். சோடியம் 135-க்குக் குறையக் கூடாதாம், அப்பாவுக்கு 119. பிபி மாத்திரையோடு சேர்ந்திருந்த அந்த ஹைட்ரோகுளோரோதயசைடு என்கிற நீர் மாத்திரை உப்பை ஒன்றுக்கு வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. விழுந்ததுகூட அதனால் வந்த தடுமாற்றமாக இருக்கலாம் என்றார். இது மனநோய் இல்லை, உடம்பில் கெட்டது மூளையில் தெரிகிறது, இறங்கிவிடும் என்றார். உப்பை ஒரேயடியாக ஏற்றக் கூடாதாம், அது மூளைக்கே ஆபத்தாம், மெல்ல மெல்லத்தான் ஏற்றினார்கள். கண்ணாடியைப் போட்டு விடுங்கள், கண்ணுக்கு எதிரே ஒரு கடிகாரம் வையுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும், கையைக் கட்டாதீர்கள் என்றார். தூக்க மாத்திரை கேட்டேன், அது குழப்பத்தைக் கூட்டும் என்று கொடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் அப்பா கண்ணைத் திறந்து மஞ்சள் இப்போது என்ன விலை போகிறது என்று கேட்டார். தெளிந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தறிக்காரர், கால் முறிவு. வந்த மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அடித்துக்கொண்டே இருந்தார், உடம்பெல்லாம் நடுக்கம். முனி பிடித்துவிட்டது, விபூதி போட ஆள் கூட்டி வருகிறோம் என்று அவர் வீட்டார். அதே டாக்டரம்மாதான் வந்து பார்த்தார். தினமும் குடித்தவர் படுக்கையில் விழுந்து திடீரென்று நிறுத்தியதால் வந்ததாம், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாம். நடுக்கத்துக்கு மருந்தும், பி1 வைட்டமின் ஊசியும் போட்டார்கள். என்னிடமும் உங்க வீட்டுக்காரர் குடிப்பாரா என்று கேட்டிருந்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி என்று அப்புறம்தான் விளங்கியது.

அவரை வராந்தாவில் பிடித்து, எங்களுக்குத் தெரிந்த பையன் ஒருத்தன் லித்தியம் சாப்பிடுகிறான் என்று ஆரம்பித்தேன். 'உங்க பையனாங்கம்மா?' என்றார். ஆமாங்க என்றேன்.

அவர் சொன்னதை எழுதுகிறேன், பொறுமையாகப் படி. லித்தியமும் ஒரு வகை உப்புதான். நீர் மாத்திரை சாப்பிட்டு உடம்பில் சோடியம் குறைந்தால், சிறுநீரகம் இருக்கிற உப்பையாவது விடக் கூடாது என்று பிடித்து வைக்குமாம். நாற்று என்று நினைத்துக் கோரையைக் காக்கிற ஆள் மாதிரி, அப்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போகும். 0.6-லிருந்து 1.0-க்குள் இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் விஷம் என்றார். டெல்மிசார்ட்டானும் தனியாகவே அதை ஏற்றக் கூடியதுதானாம். உன் அட்டையில் ரெண்டும் சேர்ந்து இருக்கிறது. வலி மாத்திரையும் அப்படித்தான். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகாது, பாராசிட்டமால் ஆகும். போன நோம்பிக்கு வந்தபோது முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டாயே, இனிமேல் வேண்டாம். வேர்த்துக் கொட்டினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் ஏறும். சித்திரை வெயிலில் மில்லுக்குள் மெஷினுக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிறவன் நீ. தண்ணீர் குடி.

கை வழக்கத்துக்கு மேல் நடுங்கினால், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால், நடை தள்ளாடினால், நாக்கு குழறினால், விடியட்டும் என்று இருக்காதே. அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், லித்தியம் சாப்பிடுகிறேன் என்று முதலில் அதைச் சொல்.

இன்னொரு பக்கம், படத்தில் ஒரே ஒரு அட்டைதான் தெரிந்தது. ராத்திரி மாத்திரை அட்டையைக் காணோம். டிராயரில் இருக்கும், இருக்கட்டும். நிறுத்திவிட்டாயோ என்றும் பயம், ரெண்டையும் சேர்த்துப் போடுகிறாயோ என்றும் பயம். எதற்கு முதலில் பயப்படுவது என்று தெரியவில்லை. நீயாக எதையும் நிறுத்தாதே. ரெண்டு அட்டையையும் படமெடுத்து நம் கோயமுத்தூர் டாக்டருக்கு அனுப்பு. பார்சல் வர நாலு நாள் ஆகும், அதற்குள் அக்கா உனக்கு மெசேஜ் போடுவாள். அவளிடம் எரிந்து விழாதே, நான்தான் போடச் சொன்னேன். பிபிக்கு அம்லோடிபின் மாதிரி வேறு வகையும் இருக்கிறதாம், மாற்றுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ரத்தம் எடுத்து எவ்வளவு நாள் ஆச்சு? காலையில் எடுக்கணும், ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. லித்தியம் அளவோடு, சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின், தைராய்டு மூன்றும் பார். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் பார்த்தே ஆகணும், புது மாத்திரை சேர்த்தால் ஒரு வாரத்திலேயே பார்க்கணும். எப்போது பேசினாலும் சடவாக, அசதியாக இருக்குதும்மா என்கிறாய். அது மனசு என்று நீயே தீர்ப்பு சொல்லிக்கொள்ளாதே. லித்தியம் தைராய்டைக் குறைக்கும், தைராய்டு குறைந்தாலும் அப்படித்தான் சடவாக இருக்கும், எதிலும் பிடிப்பு இருக்காது.

நீ ஏன் சொல்லாமல் இருக்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். மூர்த்தி மாமன் நெஞ்சு வலிக்குது என்றபோது, போன இடத்தில் அவன் பழைய மனநலச் சீட்டைப் பார்த்தார்கள். அதோடு சரி. இது அவனுடைய பழைய வியாதி என்று தூக்க ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு ஈசிஜி எடுக்கவில்லை. நீதானே அவனை வண்டியில் வைத்துக் கூட்டிப்போனாய். பெரிய மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னாலேயே போய்விடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறதாம். பாதிக்குமேல் இருதயம், சர்க்கரை என்று வைத்தியம் பார்த்தால் கட்டுக்குள் வைக்கக்கூடிய சீக்குகளால்தானாம். டாக்டரம்மா சொன்னபோது எனக்கு மாமன் முகம்தான் வந்தது. அதனால் சீட்டைக் காட்டு, காட்டிவிட்டு எழுந்து வராதே. உட்கார்ந்து கேள். ஈசிஜி எடுங்கள், ரத்தம் பாருங்கள் என்று கேள். மில்லில் மெஷின் சரியாகாமல் நீ எழுந்து வருவாயா?

வேலை செய்கிற இடத்து டாக்டரிடம் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் வெளியில் ஒரு நல்ல பொது மருத்துவரைப் பார். 2017-இல் வந்த மனநல மருத்துவச் சட்டத்தில், நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று இருக்கிறது. இன்சூரன்ஸும் மற்ற நோய்க்கு உள்ளதுபோல இதற்கும் கொடுக்கணும். ஆஸ்பத்திரியில் ஒரு சமூகப் பணியாளர் இதை எனக்கு எழுதியே கொடுத்தார். ராத்திரியில் யாரிடமாவது பேசணும் போல இருந்தால் அரசாங்கத்தின் மனநல உதவி நம்பர் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாமாம். என்னிடமும் பேசலாம்.

இவ்வளவு எழுதிவிட்டேன், ஊர்ச் சங்கதி ஒன்றும் எழுதவில்லை. அத்தை மகளுக்கு அவிநாசியில் இடம் பார்த்திருக்கிறார்கள். உனக்கும் கேட்டு வருகிறார்கள், நான் பிடி கொடுக்கவில்லை. அதை இதோடு சேர்த்துக் குழப்பவில்லை, நேரில் வரும்போது பேசலாம்.

பார்சலில் ஒப்புட்டு, பருப்புப் பொடி, கடலை உருண்டை இருக்கிறது. நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து வைத்து, பிபி என்று எடுத்துவிட்டு, மறுபடி கொஞ்சமாக வைத்திருக்கிறேன். பிபிக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். ஒரேயடியாகக் குறைத்தாலும் லித்தியம் ஏறுமாம், அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குறை. ஒப்புட்டை வந்த அன்றே தின்றுவிடு, அந்த ஊர் வெயிலுக்கு நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவேன். எடு. அப்பா பக்கத்தில் இருப்பார். நான் எழுதியது அவருக்குத் தெரியாது, விழுந்த கதையை அவரே உனக்குச் சொல்லட்டும். புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள்.

அம்மா