முகமூடிக்குள் இருந்தவரையும் பாருங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சி அகாதமியின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1994-இல் 'பாபிலோன் 5' என்ற அறிவியல் புனைவுத் தொடருக்கு, ஒப்பனைக்கான எம்மி விருதைக் கொடுத்தீர்கள். தகுதியான விருதுதான். விருது பெற்ற அந்த எபிசோடில், புள்ளி போட்ட தலையும் சிவப்புக் கண்களுமாக நார்ன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் தூதர் ஜகாராக நடித்தவர் ஆண்ட்ரியாஸ் கட்சுலஸ். அவர் நடிப்புக்கு உங்களிடமிருந்து ஒரு பரிந்துரைகூடக் கடைசிவரை வரவில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

1995-இல் வந்த 'தி கமிங் ஆஃப் ஷேடோஸ்' எபிசோடை ஒருமுறை போட்டுப் பாருங்கள். எதிரி நாட்டுப் பேரரசர் நார்ன் இனத்திடம் மன்னிப்புக் கேட்கவே வந்தார் என்று ஜகாருக்குத் தெரியவருகிறது. தான் வெறுத்துவந்த எதிரி நாட்டுத் தூதர் லாண்டோவைத் தேடிப் போய், மகிழ்ச்சியோடு அவனுக்கு மது வாங்கிக் கொடுக்கிறார். தன் மக்களைத் தாக்க ஏற்பாடு செய்ததே லாண்டோதான் என்பது அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் செய்தி வருகிறது. கொலைவெறியோடு நடைவழியில் ஓடிவரும் அவரைத் தளபதி தடுக்க, அப்படியே உடைந்து அழுகிறார். முகத்தில் பாதி ரப்பர், கண்ணில் லென்ஸ். அத்தனையையும் தாண்டி அந்த அழுகை நம்மிடம் வந்து சேர்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இது திடீரென்று வந்த திறமை அல்ல. புகழ்பெற்ற நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கின் குழுவில் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். 'ஸ்டார் ட்ரெக்'கில் ரோமுலன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் தளபதி டொமாலக், 1993-இல் 'தி ஃப்யூஜிட்டிவ்' படத்தில் ஒற்றைக்கை ஆள் என்று அவர் கண்ட வேடங்கள் பல. குணச்சித்திர நடிகரின் வாழ்க்கையே அப்படித்தான்: பாத்திரம் நினைவில் நிற்கும், பெயர் நிற்காது. 2006-இல் அவர் காலமானார்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் ஜெஃப்ரி கோம்ப்ஸ், வேயூன், பிரண்ட் என்ற இரண்டு பாத்திரங்களை ஒரே எபிசோடில் செய்தார். குரலும் நடையும் அவ்வளவு வேறு. தெரியாதவர்கள் இருவர் என்றே நினைப்பார்கள்.

அறிவியல் புனைவு என்றாலே நீங்கள் ஒதுக்குகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. 'ஸ்டார் ட்ரெக்'கின் ஸ்பாக் வேடத்துக்காக லியோனார்ட் நிமோய்க்கு மூன்று முறை பரிந்துரை கிடைத்தது. 2016-இல் 'ஆர்ஃபன் பிளாக்' என்ற அறிவியல் புனைவுத் தொடருக்காக டாட்டியானா மஸ்லானிக்கு விருதே கொடுத்தீர்கள். ஆனால் அந்த இருவரின் முகமும் நமக்குத் தெரிந்தது. நிமோய்க்குக் காதும் புருவமும்தான் மாறியிருந்தன. முகம் முழுக்க மூடியவர்களை மதிப்பிடும்போதுதான் ஏதோ தடுக்கிறது. அப்புறம், முகமே தெரியாத குரல் நடிப்புக்கு நீங்களே தனி விருது வைத்திருக்கிறீர்கள். குரலை மட்டும் கேட்டு நடிப்பை எடைபோட முடிகிற உங்களுக்கு, குரலோடு கண்ணும் தோளும் கையும் சேர்ந்து நடிப்பதை எடைபோட முடியாதா?

தனிப் பிரிவு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது இவர்களை இன்னும் ஓரமாகத் தள்ளிவிடும். துணை நடிகர், கௌரவ நடிகர் பிரிவுகளில் வாக்களிக்கும்போது, ஒப்பனைக்குள் இருப்பவர்களின் காட்சிகளையும் முழுதாகப் பாருங்கள். ஒப்பனைக் கலைஞருக்கு வாக்களித்த கையோடு, அந்த ஒப்பனையை யார் சுமந்தார் என்று பெயர்ப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்