கால்களைப் பார்த்துக்கொள், தம்பி

ஜான்சன் சிட்டி, டென்னசி
2026 மார்ச் 9

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். அடுத்த மாதம் நீ பசிபிக் கிரெஸ்ட் பாதையில் நடக்கப் புறப்படுகிறாய் என்பதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 2,650 மைல் என்பதையும், அதில் முதல் 700 மைல் பெரும்பாலும் வறண்ட நிலம் என்பதையும், அதற்கு அப்பால் சியேரா நெவாடா மலைகளில் பனியும், பனி உருகிப் பெருகும் ஓடைகளும் இருக்கின்றன என்பதையும் நானே படித்து அறிந்தேன். போகாதே என்று எழுத வரவில்லை. ஒருமுறை அப்படிச் சொல்லி என்ன ஆயிற்று என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கால்களைப் பார்த்துக்கொள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அக்காவின் வீட்டில் யாரும் நடுவில் படித்து உனக்குச் சுருக்கிச் சொல்லக் கூடாது என்பதற்காகவே தமிழில் எழுதுகிறேன். ஆறாம் வகுப்பு வரை நீ படித்த தமிழ் உனக்கு மறந்திருக்காது. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான்கு ஆண்டுகளாக நான் இங்கே ஒரு சபையின் நடைப்பயணிகள் ஊழியத்தில் உழைத்துவருகிறேன். நீ இதை நம்புவாயோ என்னவோ. நீ 2019இல் நடந்த அப்பலாச்சியன் பாதையை நாடோடிகளின் வழி என்று சொன்ன அதே வாயால்தான் இதையும் சொல்கிறேன். ஏப்ரல் பிறந்ததும் சனிக்கிழமைதோறும் விடியும் முன்பே புறப்பட்டு, நெடுஞ்சாலை மலையைக் கடக்கிற சாம்ஸ் கேப் கணவாயில் மடக்கு மேசைகளைப் போட்டு, கேஸ் அடுப்பில் கல்லைக் காயவைத்துப் பான்கேக்கும் முட்டையும் சுடுகிறோம். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கியவர்கள் அந்த இடத்துக்கு வரும்போது 300 மைலுக்கு மேல் நடந்திருப்பார்கள். மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலைக்கு இன்னும் 1,800 மைலுக்கு மேல் இருக்கும். நாளொன்றுக்கு நாலாயிரம் கலோரிக்கு மேல் செலவழித்துவிட்டு வருகிற பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்கிறபோது, ஊரில் அசனத்தன்று பந்தி பந்தியாக உட்காரவைத்துப் பரிமாறியதுதான் நினைவுக்கு வரும். பத்துப் பான்கேக் சாப்பிட்ட பிள்ளை பதினோராவதைக் கேட்கத் தயங்கும். கேட்பதற்கு முன்பே வைத்துவிட வேண்டும்.

முதல் நாள் நான் சுவிசேஷக் கைப்பிரதிகளை ஒரு கட்டாகக் கொண்டுபோயிருந்தேன். இந்த ஊழியத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிற மூதாட்டி அதை என் கையிலிருந்து அமைதியாக வாங்கி, காரின் பின்இருக்கையில் வைத்துவிட்டார். அவர்கள் கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காவிட்டால் தட்டை நிரப்புங்கள் என்றார். நாற்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவனுக்கு அது எளிதாக இல்லை. முதல் மூன்று மாதம் எனக்குப் பாத்திரம் கழுவும் வேலையே கிடைத்தது. உணவை யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் காட்டில் பெட்டியில் வைத்துவிட்டு வரக் கூடாது, அது கரடிகளைப் பழக்கிவிடும் என்பதையும், கொண்டுபோன குப்பையில் ஒரு துண்டுகூட அங்கே கிடக்கக் கூடாது என்பதையும், கை கழுவச் சோப்பும் தண்ணீரும் வைக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன். இதைக் கவனமாகக் கேள்: நோரோவைரஸ் என்ற வாந்திபேதிக் கிருமியைக் கையில் தடவும் கிருமிநாசினி சரியாகக் கொல்லாது. சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும். நீயும் சோப்பை வைத்துக்கொள். கால்களைப் பார்த்துக்கொள்.

மே மாதத்தில் வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் ஊரில் 1987 முதல் நடந்துவரும் நடைப்பயணிகள் திருவிழாவுக்கும் போவேன். ஊரின் பெரிய தெரு வழியாகவே பாதை போகிறது என்பது உனக்குத் தெரிந்ததுதான். அங்கே பல சபையார் குளிக்க இடமும், துணி துவைக்க வசதியும், சாப்பாடும் கொடுப்பதுடன், நாற்காலியில் உட்காரவைத்து வெந்நீரில் கால்களைக் கழுவியும் விடுகிறார்கள். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய யோவான் 13ஆம் அதிகாரத்தை நான் எத்தனை பெரிய வியாழக்கிழமைகளில் வாசித்திருக்கிறேன். ஒரு மனிதனுடைய பாதத்தைக் கையில் எடுத்தது என் அறுபத்தொன்றாம் வயதில்தான். கறுத்துக் கழன்ற நகங்கள், குதிகாலில் கொப்புளத்தின் மேல் கொப்புளம், நாள்கணக்கில் ஈரக் காலுறைக்குள் ஊறி வெளுத்த தோல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு காலையும் துடைக்கும்போது, ஐந்தாம் வகுப்பில் உன் கால் பட்ட பாடும், அம்மா மூன்று மாதம் எண்ணெய் காய்ச்சிப் போட்டதும் என் முன்னால் வந்து நிற்கும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நடுப்பகலில் ஒருமுறை காலணியைக் கழற்றிக் காயவிடு. காலுறையை மாற்று. கொப்புளம் வருவதற்கு முன் சூடு தெரியும். அப்போதே நின்றுவிடு, அடுத்த மைலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே.

நீ 2019இல் நடந்த ஐந்து மாதமும் உனக்குச் சோறு போட்டவர்கள் யார் என்பதை இந்த வேலைக்கு வந்த பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். டமாஸ்கஸில் மெதடிஸ்ட் சபையார் ஒரு வீட்டையே பல ஆண்டுகள் நடைப்பயணிகளுக்கு விட்டிருந்தார்கள். பென்சில்வேனியாவின் டெலவேர் வாட்டர் கேப்பில் பிரெஸ்பிட்டேரியன் சபை 1976 முதல் படுக்க இடம் கொடுத்துவருகிறது. மெதடிஸ்ட் சபையார் பாதையிலேயே நடந்து பயணிகளுடன் பேசுவதற்கென்று ஓர் ஊழியரை அனுப்பியிருக்கிறார்கள். இவற்றில் எங்கே நீ தூங்கினாய், யாருடன் பேசினாய் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தச் சபைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, காலை ஜெபத்தில் நன்றி சொல்கிறேன். நாலு பேர் தொடங்கினால் ஒருவர்தான் முடிக்கிற பாதையை என் மகன் முடித்தான் என்று சாம்ஸ் கேப்பில் வருகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன். பெருமையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் சொல்கிறேன். கட்டாடின் உச்சிப் பலகையில் கை வைத்தபோது நீ அக்காவுக்கு மட்டும் படம் அனுப்பினாய், எங்களுக்கு அனுப்பவில்லை என்ற வருத்தத்தைப் பல வருடம் பெரிய குற்றச்சாட்டாக வைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்குக்கூட அம்மாவுடன் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறாயே, அந்த இரண்டு நிமிடம் அவளுக்கு எப்படிப் போதும்?

கடந்த ஏப்ரலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஹெலீன் புயல் வெள்ளத்தில் நொலிச்சக்கி ஆற்றின் பாலம் போய்விட்டதால் எர்வின் ஊருக்கு முன்னால் படகில் அக்கரைப்பட வேண்டியிருந்தது. அதைக் கேட்டு விசாரிக்க எல்லோரும் எங்கள் மேசையில் கூடுதல் நேரம் உட்கார்ந்தார்கள். எங்களுடைய சபையில் வருகிற ஒவ்வொரு பயணியையும் படம் எடுத்து, அவர் எழுதித் தருகிற இரண்டு வரியுடன் வீட்டுக்குத் தபாலில் அனுப்புகிறோம். வட கரோலினாவின் பிராங்க்ளின் ஊரில் ஒரு சபையார் நெடுங்காலமாகச் செய்துவருவதைப் பார்த்து எடுத்துக்கொண்ட வழக்கம் அது. உறையில் முகவரி எழுதுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதுள்ள ஒரு பையன் படத்துக்குச் சிரித்தான். உறையை நீட்டியதும் வேண்டாம் என்றான். அம்மா அப்பா இருக்கிறார்களா என்று கேட்டேன். இருக்கிறார்கள், அனுப்பினாலும் பிரிக்கமாட்டார்கள் என்றான். கோபமே இல்லாமல், மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னான். அவன் தட்டில் முட்டையை வைத்துவிட்டு, காருக்குப் பின்னால் போய் நின்றேன். அதன் பிறகு ஒரு வருடமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்திருக்கிறேன்.

தம்பி, பிராங்க்ளினிலிருந்து உன் படம் வந்தது.

2019 ஏப்ரல் மாதம் கடைசியில், நான் வேலையிலிருந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தபோது கிடைத்தது. மண்டபத்தில் பான்கேக் தட்டுடன் உட்கார்ந்திருக்கிறாய், தாடி முளைத்திருக்கிறது, கழுத்தில் பெரியப்பாவின் துண்டு. சபையார் தங்கள் கைப்பட நாலு வரி எழுதியிருந்தார்கள். அதன் கீழே நீ தமிழில் எழுதியிருந்தாய்: "அப்பா, என் கால்கள் நன்றாக இருக்கின்றன. அம்மாவிடம் சொல்லுங்கள்." படத்தின் பின்புறம் பாதையில் உனக்கு வைத்த பெயர் இருந்தது. நான் வைக்காத அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. அம்மாவுக்குக் காட்டினால் அவள் அழுதுகொண்டே உன்னைக் கூப்பிடுவாள், நீ செய்தது சரியென்று ஆகிவிடும் என்று நினைத்தேன். அலுவலகப் பையில் வைத்தேன். பிறகு நீலப் பெட்டிக்கு மாற்றினேன். அந்த ஐந்து மாதமும் அம்மா ஒவ்வொரு நாளும் ஏதாவது வந்ததா என்று கேட்டாள். இல்லை என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன். இரவில் எழுந்து உட்கார்ந்து உன் கால்களைப் பற்றிப் புலம்புகிறவளிடம், பதிலைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, விசுவாசத்துடன் ஜெபம் பண்ணு என்று சொன்னேன்.

அந்த வருடம் குடும்ப ஜெபத்தில் உன்னைக் குறித்துக் கெட்ட குமாரனின் உவமையை எத்தனை தரம் வாசித்தேன் என்பதை அக்கா உனக்குச் சொல்லியிருப்பாள். அந்த மகன் வீட்டுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை; தகப்பன் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நம் வீட்டில் மகன் எழுதினான். தகப்பன் அதை ஒளித்துவைத்தான். உன்னுடைய விசுவாசம் எப்படி இருக்கிறது, ஆராதனைக்குப் போகிறாயா என்று கேட்கத்தான் ஏழு வருடமாக வழி தேடிக்கொண்டிருந்தேன். இனிக் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அம்மாவிடம் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் அவளுடைய வேதாகமத்துக்குள் அது இருந்தது. நேற்றுவரை என்னோடு பேசவில்லை. இன்று காலையில் மட்டும், அவனுக்கு எந்த அளவு காலணி என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டு எழுது என்றாள்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்புகிறேன். ஆறு ஜோடி கம்பளிக் காலுறைகளை அம்மா தேர்ந்தெடுத்தாள்; நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால் காலணியைச் சற்றுப் பெரிதாகவே வாங்கிக்கொள். சோப்பு இருக்கிறது. கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டைகள் இருக்கின்றன. தபால்தலை ஒட்டிய பத்து உறைகளும் இருக்கின்றன. எங்கே ஊருக்குள் இறங்கினாலும் ஒன்றை அனுப்பு, கால்கள் எப்படி இருக்கின்றன என்று ஒரு வரி போதும். பத்திலும் அம்மாவின் பெயரை மட்டுமே எழுதியிருக்கிறேன். தபால் பெட்டியின் சாவியையும் அவளிடம் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா