பத்து நிமிடம் அந்த விளக்கை அணையுங்கள்

கோயில் நிர்வாகக் குழுத் தலைவர், செயலாளர், உறுப்பினர் அனைவருக்கும் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து வணக்கம்.

மண்டபத்து மொட்டை மாடியைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டவர்கள் நீங்கள். அந்த நன்றி குறையவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2024 அக்டோபரில் சீனாவின் ஜினான்-1 செயற்கைக்கோள் வழியாகப் பெய்ஜிங்கும் நம் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷும், 12,900 கிலோமீட்டர் இடைவெளியில், குவாண்டம் ரகசியச் சாவியை, அதாவது செய்திகளைப் பூட்ட மெல்லிய ஒளித்துடிப்புகளில் அனுப்பும் ரகசிய எண்வரிசையை, பகிர்ந்துகொண்டன. அந்த ஆசையில்தான் இந்தப் பிள்ளைகள் மாடி ஏறுகிறார்கள். சாவியெல்லாம் எங்களுக்கு எட்டாத உயரம். கடந்து போகும் செயற்கைக்கோளைத் தொலைநோக்கியால் விடாமல் பின்தொடரவும், ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணவும் பழகுகிறோம், அவ்வளவே.

செயற்கைக்கோள் தலைக்கு மேல் இருப்பதே சில நிமிடங்கள். அன்று சரியாக அந்த நேரத்தில் கார் நிறுத்தத்தின் புது எல்.இ.டி. விளக்கு எரிந்தது. கீழே ஒரு கார்கூட இல்லை. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்பாவின் கறுப்புக் குடையை விரித்து, கருவியின் மேல் வெளிச்சம் படாமல் பிடித்தபடி நின்றாள். கை நடுங்கியது, மாற்றிப் பிடித்தாள். கோள் போய்விட்டது. எண்ணிக்கையில் தேறியது விளக்கின் வெளிச்சம் மட்டும்.

திருடர்களுக்காக வைத்த விளக்கு என்றீர்கள். நியாயம். குவாண்டம் முறையில் அனுப்பும் சாவியை யாராவது ஒட்டுக்கேட்டால் அதில் பிழை கூடும். ஏறக்குறைய 11 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தச் சாவியையே வீச வேண்டியதுதான். வேண்டாத வெளிச்சமும் அதே பிழையைத்தான் கூட்டும். திருடனைத் துரத்த வந்த விளக்கு, கருவியின் கணக்கில் திருடனாகவே நிற்கும்!

2023-இல் மின்வெட்டைத் திட்டாத வீடில்லை. இன்று அந்த இருட்டுக்கு நான் ஏங்குகிறேன். 2010 உலகக் கோப்பையின்போது மோசஸ் மபிடா அரங்கத்தின் தகவல்தொடர்பையே குவாண்டம் முறையில் காத்த ஊர் டர்பன். அதே ஊரில் ஒரு சுவிட்சைத் தட்ட மூன்று கூட்டம், இரண்டு கடிதம், ‘பரிசீலிக்கிறோம்’ என்று ஒரு பதில். காவடிக்கு வண்ண விளக்குத் தோரணம் மட்டும் ஒரே கூட்டத்தில் முடிவாகிவிடுகிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: கோள் கடக்கும் இரவுகளில் பத்து நிமிடம் அந்த விளக்கை அணையுங்கள். மற்ற நேரமெல்லாம் தாராளமாக எரியட்டும். அந்தப் பத்து நிமிடமும் கார் நிறுத்தத்தில் நானே காவல் நிற்கிறேன்.

அடுத்த வெள்ளி இரவு 7.42. நேரத்தை எழுதிக் காவலாளி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் உத்தரவு இல்லாமல் சுவிட்சைத் தொட மாட்டேன் என்கிறார். தயவுசெய்து அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பணிவுடன்,
மாடி வகுப்பு ஆசிரியர்